ஐந்து ஆறுகள், ஐந்து இரத்தினங்கள்: திருவையாறு யாருடைய ஊர்?

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பிளெய்ன்ஸ்பரோ நகரம் 1919ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. இங்கிருந்த வோக்கர் கோர்டன் பாற்பண்ணையில் 1930இல் அமைக்கப்பெற்ற சுழலும் மேடை, ஒரே வேளையில் ஐம்பது பசுக்களிடம் இயந்திரத்தாற் பால் கறந்து வியப்பூட்டியது. அப்பண்ணை மூடப்பட்டு அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மேய்ச்சல் நிலங்களிருந்த இவ்வூரில் இன்று அடுக்குமாடி வீடுகளும் இந்தியக் கடைகளும் இருக்கின்றன. ஞாயிறு காலைகளில் வயலின் பெட்டிகளைச் சுமந்து செல்லும் நம் பிள்ளைகளையும் காணலாம்.

தை மாதக் கடுங்குளிரில் ஒருநாள், இவ்வூர் வீடொன்றில் தியாகராச சுவாமிகளின் ஆராதனை நடைபெற்றது. வரவேற்பறையில் விரிக்கப்பட்ட பாய்களில் முப்பது நாற்பது பேர் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருந்தனர். வாசலிற் குவிந்திருந்த காலணிகளுக்கு அருகே, மேலங்கியைக் கழற்றாமலே ஓர் இளைஞர் நின்றிருந்தார். வன்னியிலிருந்து பல நாடுகளைக் கடந்து வந்து, தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவர். உள்ளே வந்து அமருமாறு அழைத்தேன். அவர் தயங்கி, மெல்லிய குரலிற் கேட்டார்: "சேர், இது தெலுங்குப் பாட்டு, பாடுறவையும் இந்தியாக்காரர். இது எங்கட விழாவே?"

அக்கேள்விக்கு நின்ற இடத்தில் நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. விழா பிறந்த ஊரின் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொன்னால் மாத்திரமே அதற்கு நேர்மையான விடை கிடைக்கும். அதன் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

பெயரின் காரணம்

தஞ்சாவூருக்கு வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீற்றர் தொலைவில், காவிரியின் வடகரையில் அமைந்துள்ளது திருவையாறு. தஞ்சையிலிருந்து பேருந்தில் ஏறும் பயணி வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளின் பாலங்களை அடுத்தடுத்துக் கடந்தே ஊருக்குட் புகவேண்டும். ஐயாறு என்னும் பெயரின் பொருளை அப்பயணமே விளக்கிவிடும். இருமருங்கும் நெல்வயலும் வாழைத் தோட்டமும் தென்னஞ்சோலையும் தொடர்ந்து வரும். மருதநிலம் என்று இலக்கியத்திற் படித்ததைக் கண்ணாற் காண விழைவோருக்கு இவ்வழி ஒன்றே போதும்.

ஊரின் நடுநாயகமாக விளங்குவது ஐயாறப்பர் திருக்கோயில். அம்பிகையின் பெயர் அறம்வளர்த்த நாயகி. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம் இது. வளாகத்தினுள் வடகயிலாயம் என வழங்கும் கற்றளியை எடுப்பித்தவர் முதலாம் இராசராசனின் தேவியாகிய உலோகமாதேவி. தென்புறத் திருச்சுற்றில் ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என உரக்க அழைத்தால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பர். கோயிலுக்கு வரும் சிறுவர்கள் அதனைச் சோதித்துப் பார்க்காமற் போவதில்லை.

சித்திரை மாதத்தில் நிகழும் ஏழூர்த் திருவிழாவும் குறிப்பிடத்தக்கது. ஐயாறப்பரின் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஆறு ஊர்களுக்கும் சென்று மீளும். ஒவ்வோர் ஊரின் இறைவனும் எதிர்கொண்டு அழைத்து உடன் வருவது வழக்கம். இசைவிழாவால் உலகப் புகழ் எய்துவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, பிறரை வரவேற்பதையே விழாவாகக் கொண்டாடிய ஊர் இது.

அடைக்கலம் தேடியோரின் இசை

தியாகராசர் 1767ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் திருவாரூரிற் பிறந்தார். இளமையிலேயே குடும்பத்துடன் திருவையாற்றுக்கு வந்து, 1847 சனவரி 6ஆம் நாள் மறையும்வரை இவ்வூரிலேயே வாழ்ந்தார். அவருடைய குடும்பப் பெயராகிய காகர்ல என்பது ஆந்திர நாட்டு ஊரொன்றின் பெயர். தஞ்சையில் நாயக்கர் ஆட்சி நிலவிய காலத்தில் தெலுங்கு அரசவை மொழியாகச் சிறப்புற்றிருந்தது. தெலுங்குக் குடும்பங்கள் பல காவிரிக் கரையிற் குடியேறித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. தியாகராசரின் காலத்தில் ஆண்டோர் மராட்டியர். தெலுங்கு பேசும் வீட்டில், மராட்டிய மன்னர் ஆளும் நாட்டில், தமிழ் மக்களின் நடுவே வாழ்ந்த ஒருவரின் கீர்த்தனைகளையே இன்று நாம் பாடுகின்றோம்.

அக்காலம் அமைதியான காலமுமன்று. 1781இல் ஐதர் அலியின் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடின. தியாகராசருக்கு அப்போது பதினான்கு வயது. அவரோடு சேர்த்துச் சங்கீத மும்மூர்த்திகள் எனப் போற்றப்படும் சியாமா சாஸ்திரிகளின் குடும்ப வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. அவருடைய முன்னோர் காஞ்சிபுரத்தில் பங்காரு காமாட்சி என்னும் பொன் திருமேனிக்குப் பூசனை புரிந்தவர்கள். போர்க் குழப்பங்களால் அத்திருமேனியைக் காப்பாற்றும் பொருட்டு ஊர்விட்டு ஊர் அலைந்து, திருவாரூரில் நெடுங்காலம் தங்கி, பின்னர் தஞ்சையில் அடைக்கலம் புகுந்தனர். தஞ்சை மேலவீதியில் அத்தேவியின் கோயில் இன்றும் உள்ளது. கடவுளரையே தூக்கிக்கொண்டு ஓடியவர்களின் வீட்டிலிருந்து அந்த இசை பிறந்தது என்பதை, வீட்டுச் சாமிப் படத்தைப் பயணப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்ட நம்மவர் அறிந்திருத்தல் நன்று.

தியாகராசரின் கீர்த்தனைகளில் ஏறத்தாழ 700 இன்று கிடைக்கின்றன. அவற்றைக் காத்தளித்த பெருமை மாணவர்களுக்கு உரியது. வாலாசாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என மூன்று மாணவ மரபுகள் அப்பணியைச் செய்தன. இவற்றுள் முதல் மரபின் முதல்வராகிய வேங்கடரமண பாகவதர் சௌராட்டிர சமூகத்தவர். குசராத்துப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்து தென்னாட்டில் நெசவுத் தொழிலால் வாழ்ந்த மக்கள் அவர்கள்.

மறுக்கப்பட்டவர் எழுப்பிய கோயில்

தியாகராசர் மறைவதற்குச் சற்று முன்னர் துறவு பூண்டமையால் அவருடைய உடல் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டது. ஆனால் மாணவர் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்ற பின், சமாதி கவனிப்பாரற்றுப் புதர் மண்டியது. 1903ஆம் ஆண்டளவில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைச் செப்பனிட்டனர். ஆண்டுதோறும் நினைவு நாளைக் கொண்டாடும் வழக்கமும் வளர்ந்தது. சில ஆண்டுகளிலேயே கொண்டாடியோரிடையே பிணக்கு மூண்டு, பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரு அணிகள் தோன்றின. இரண்டும் தனித்தனியே விழா எடுத்தன. புலம்பெயர்ந்த நாடுகளில் ஒரே ஊர்ச் சங்கம் இரண்டாகப் பிரிவதைக் கண்டு சலித்தோருக்கு இது புதிய செய்தியாக இராது.

இந்நிலையிற்றான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகின்றார். 1878இல் மைசூர் நாட்டு நஞ்சன்கூட்டிற் பிறந்த இவர் தேவதாசி மரபினர், சென்னையிற் பெரும்புகழ் ஈட்டிய பாடகி, பன்மொழிப் புலமையாளர். முத்துப்பழனி என்னும் தெலுங்குப் பெண்பாற் புலவரின் இராதிகா சாந்துவனம் என்ற காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூறி அரசு அதனைத் தடை செய்தது. 1947இலேயே அத்தடை நீங்கியது.

சமாதியின் சீர்கேடு பற்றி அறிந்த நாகரத்தினம்மாள் தம் வாழ்நாட் செல்வத்தை அதற்கென ஒதுக்கினார். நிலத்தைப் பெற்று, 1921இல் அடிக்கல் நாட்டி, 1925 சனவரியிற் குடமுழுக்கு நடத்தினார். இன்று நாம் காணும் தியாகராசர் சந்நிதி அவ்வாறு எழுந்ததே. எனினும் இரு கட்சிகளின் விழாக்களிலும் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. கோயிலைக் கட்டியவருக்கே அதன் முன் அமர்ந்து பாடும் உரிமை மறுக்கப்பட்டது. அவர் திரும்பிச் செல்லவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டி, சந்நிதியின் பின்புறத்தில் மூன்றாவது விழாவொன்றைத் தொடங்கினார். ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு மேலாக இந்த இழுபறி நீடித்தது.

1940ஆம் ஆண்டளவில், முசிறி சுப்பிரமணிய ஐயர் முதலியோரின் முயற்சியால் அணிகள் யாவும் ஒன்றாயின. பெண்களும் ஆண்களும் ஒரே விழாவிற் பாடும் நிலை பிறந்தது. 1952இல் நாகரத்தினம்மாள் மறைந்தபின் அவருடைய நினைவிடம் தியாகராசர் சந்நிதிக்கு எதிரே அமைக்கப்பட்டது. கூப்பிய கையுடன் அவருடைய சிலை சந்நிதியை நோக்கி அமர்ந்திருக்கின்றது. திருவையாறு செல்வோர் சந்நிதியை வணங்கிவிட்டு அச்சிலையைக் காணாது திரும்பலாகாது.

மொழிப் பூசல்

இளைஞரின் கேள்வியில் மொழியும் இருந்தது. அக்கேள்வியைத் தமிழகமே முன்னர் கேட்டிருக்கின்றது. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் கடைசியிற் பாடப்படும் துக்கடாக்களாக ஒதுக்கப்பட்டமையை எதிர்த்துத் தமிழிசை இயக்கம் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அரசர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார். 1941இல் அப்பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943இற் சென்னையிற் தமிழிசைச் சங்கம் தோன்றியது. 1946இல் திருவையாற்று விழாவில் எம்.எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடலொன்றைப் பாடியபோது அதற்கு எழுந்த எதிர்ப்புப் பெரும் சர்ச்சையாயிற்று. திராவிட இயக்கத்தினர் அவ்வெதிர்ப்பை வன்மையாகக் கண்டித்தனர்.

மூவர் தமிழ் முழங்கிய ஊரில் தமிழ் பாடியது குற்றமெனக் கருதப்பட்டமை வேதனைக்குரியது. அவ்வேதனையை மறைத்துவிட்டு இவ்விழாவைப் புகழ்வது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. அதேவேளை, தெலுங்கில் எழுதினார் என்பதற்காகத் தியாகராசரை அயலவர் எனத் தள்ளுவதும் தகாது. தாம் வாழ்ந்த ஊரின் காவிரியையும் அறம்வளர்த்த நாயகியையும் தம் தாய்மொழியிற் பாடியவர் அவர். நியூ ஜேர்சியிலும் தொரன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு தமிழில் எழுதும் நாம், அவர் செய்ததைக் குறைகூற இயலாது.

ஐந்து இரத்தினங்கள்

ஆராதனை புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியன்று நிறைவெய்தும் வகையில் ஐந்து நாட்கள் நடைபெறுவது வழக்கம். சனவரியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ இது பெரும்பாலும் அமையும். பஞ்சமியன்று காலையில் தியாகராசர் வாழ்ந்த திருமஞ்சன வீதியிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் புறப்பட்டுச் சந்நிதியை அடையும். நாதஸ்வரம் முழங்கும். பின்னர், முகத்துக்கு முகம் பார்த்தவாறு எதிரெதிரே வரிசையாக அமர்ந்த நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவர். புகழ்பெற்ற வித்துவான் ஒருவரின் அருகில் நேற்றுப் பாடத் தொடங்கிய மாணவி அமர்ந்திருப்பாள். ஊதியம் பெறாது பாடுவது இங்கே மரபு.

நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில், ஆதி தாளத்தில் அமைந்தவை இக்கீர்த்தனைகள். முதலாவது சமஸ்கிருதத்திலும் ஏனையவை தெலுங்கிலும் உள்ளன. இவற்றின் சரணங்கள் முதலிற் சுரமாகவும் பின்னர் அதே மெட்டிற் சொல்லாகவும் பாடப்படும். கருநாடக இசையின் உயிர்நாடி எனக் கருதப்படும் தனிக்கற்பனைக்கு இவற்றைச் சேர்ந்து பாடுகையில் இடமில்லை. ஒவ்வொரு சுரமும் முன்னரே வரையறுக்கப்பட்டது. ஆகவேதான் முன்பின் அறியாத ஐந்நூறு பேர் ஒத்திகையின்றி ஒன்றாகப் பாட முடிகின்றது. பிளெய்ன்ஸ்பரோவில் முப்பது பேர் பாட முடிவதும் இக்காரணத்தாலேயே. கூட்டாகப் பாடும் இவ்வழக்கமும் பழைமையானதன்று. கட்சிகள் ஒன்றிணைந்த காலத்தை ஒட்டி நிலைபெற்றதாகும்.

யாழ்ப்பாணத்தின் பங்கு

ஈழத்தவராகிய நமக்கும் இக்காவிரிக் கரைக்கும் உள்ள உறவு நெருங்கியது. கோயில் திருவிழாக் காலங்களிற் தஞ்சை மாவட்டத்து நாதஸ்வர வித்துவான்கள் யாழ்ப்பாணம் வந்து, இரவு முழுவதும் வாசித்த நாட்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாகவும் இருக்கவில்லை. 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பைத் தமிழகத்து வித்துவான்களே வியந்து போற்றினர். மருதனார்மடத்தில் 1960இல் எழுந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராகப் பணியாற்றினார். பின்னாளில் அந்நிறுவனம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. அங்கே பயின்றோர் பலர் இன்று உலகின் பல நகரங்களிற் பிள்ளைகளுக்கு இசை கற்பித்து வருகின்றனர். அந்த இளைஞர் வாசலில் நின்று கேட்ட பாடல், மருதனார்மடத்தின் வழியாகவும் இங்கு வந்திருக்கக்கூடும்.

அமெரிக்க மண்ணில்

வட அமெரிக்காவில் இவ்விழாவின் பெருங்கிளை ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் உள்ளது. 1978இல், தேவாலயமொன்றின் அடித்தளத்தில், சில குடும்பங்கள் கூடித் தொடங்கிய ஆராதனை அது. இன்று ஈஸ்டர் காலத்தை ஒட்டிப் பல நாட்கள் நடைபெறும் மாபெரும் இசை, நாட்டிய விழாவாக வளர்ந்து நிற்கின்றது. கடுங்குளிர் நீங்கிய பின் பயணம் எளிது என்பதால், தை மாதத்து விழா அங்கே வசந்த காலத்துக்கு நகர்ந்தது. பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து காரில் ஏழெட்டு மணி நேரத்திற் சென்றடையலாம். நியூ ஜேர்சியிலிருந்து ஆண்டுதோறும் செல்லும் குடும்பங்கள் உள. இந்துக்களின் விழாவொன்றுக்குக் கிறித்தவத் தேவாலயம் முதல் இடம் கொடுத்தது என்பதை நாம் அழுத்திச் சொல்லவேண்டும்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

திருவையாற்றுக்கு அண்மையிலுள்ள பெரிய விமான நிலையம் திருச்சிராப்பள்ளி. அங்கிருந்து தஞ்சைக்குத் தொடருந்தும் பேருந்தும் உள்ளன. விழா நாட்களிற் திருவையாற்றிற் தங்குமிடம் கிடைப்பது அரிதாகையால், தஞ்சையிற் தங்கிச் சென்று வருவது நலம். பெரிய கோயிலையும், ஓலைச்சுவடிகளுக்குப் பேர்போன சரசுவதி மகால் நூலகத்தையும் அதே பயணத்திற் பார்த்துவிடலாம். திருவையாற்றின் கடைத்தெருவிற் பாசிப்பருப்பிற் கிண்டும் அசோகா அல்வாவைச் சுடச்சுட உண்ணாது திரும்பியவர் ஊரை முழுமையாகக் கண்டவராகார். கூட்டமின்றி ஆற்றங்கரையில் அமர விரும்புவோர் விழாவுக்குச் சில வாரங்கள் முன்னரோ பின்னரோ செல்லலாம். கோடையிற் காவிரி பெரும்பாலும் மணலாகவே இருக்கும்.

ஆனால் தஞ்சக் கோரிக்கை நிலுவையிலிருப்போருக்கு இக்குறிப்புகள் இப்போதைக்குப் பயன்படா என்பதை அறிவேன். நாட்டைவிட்டு வெளியேறினால் வழக்குப் பாதிக்கப்படக்கூடும். அவர்களுக்கு இவ்வூரைப் பற்றியே சேக்கிழார் கூறும் வரலாறொன்று உண்டு. கயிலையைக் காணும் வேட்கையுடன் வடதிசை சென்ற அப்பர், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலாலே புரண்டு சென்றும் அதனை அடைய முடியவில்லை. அங்குள்ள பொய்கையொன்றில் மூழ்குமாறு பணிக்கப்பட்டு மூழ்கியவர், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். போகவியலாத இடம் இருக்குமிடத்திற் காட்சி தரலாம் என்ற நம்பிக்கையை அவ்வூர் தன் தலவரலாறாகவே வைத்திருக்கின்றது.

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். அவ்விழா தெலுங்கர் ஒருவரின் பாடலாலும், சௌராட்டிரர் ஒருவரின் உழைப்பாலும், மைசூர் நாட்டுப் பெண்ணொருவரின் செல்வத்தாலும், தமிழ்நாட்டு மக்களின் செவியாலும் உருவானது. எந்த ஓர் இனத்தாரும் தமக்கே உரியதென்று அதனைப் பூட்டிவைக்க இயலாது. பூட்ட முயன்றோர் ஒவ்வொரு முறையும் தோற்றனர். ஆதலால் அது அவருக்கும் உரியது, எனக்கும் உரியது.

இதில் அவர் அறியவேண்டியதைவிட நாம் செய்யவேண்டியது அதிகம். புலம்பெயர் மண்ணில் நம் மண்டபங்களில் முன்வரிசைகள் நன்கொடையாளருக்கென ஒதுக்கப்படுகின்றன. அழைப்பிதழ்கள் அறிந்தவர்களுக்கு மாத்திரமே செல்கின்றன. அண்மையில் வந்து சேர்ந்தவர், ஆங்கிலம் அறியாதவர், இரவு வேலை முடித்துக் கசங்கிய உடையுடன் வருபவர் ஆகியோர் வாசலிலேயே நின்றுவிடுகின்றனர். யாரும் அவர்களைத் தடுப்பதில்லை என்பது உண்மையே. யாரும் எழுந்து சென்று அழைப்பதுமில்லை. நாகரத்தினம்மாள் சந்நிதியின் பின்புறத்தில் அமர்ந்து பாடிய ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், நாம் எப்பக்கம் அமர்ந்திருக்கின்றோம் என்பது விளங்கும்.

வரும் தையில் ஆராதனை நடத்தும் குடும்பங்களிடமும் சங்கங்களிடமும் ஒன்று வேண்டுகின்றேன். வாசலருகே இரண்டு பாய்களை மேலதிகமாக விரியுங்கள். ஐந்து கீர்த்தனைகளையும் தமிழ் எழுத்தில் அச்சிட்டு, பொருளையும் தமிழிற் குறித்து, வருபவர் கையிற் கொடுங்கள். இறுதியில் ஒரு தேவாரம் பாடுங்கள். அது அவ்வூரின் பழைய பாட்டு. நம்மவருள் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்திற் காலை வணக்கத்தில் மனனம் செய்த பாட்டு.

அன்று அந்த இளைஞர் இறுதிவரை மேலங்கியைக் கழற்றவில்லை. எனினும் ஸ்ரீராகக் கீர்த்தனை தொடங்கியபோது காலணிகளைக் கழற்றிவிட்டு, கடைசிப் பாயின் ஓரத்தில் வந்து அமர்ந்துகொண்டார்.